பழைய அரிசி வாடை

நவம்பர் 3, திங்கள்

ஐயரம்மா எங்கள் எல்லோருக்கும் ஆளுக்கொரு டைரி கொடுத்திருக்கிறார்கள். குருவானவர் வீட்டம்மாவை எங்கள் ஊரில் ஐயரம்மா என்றுதான் சொல்வோம். மிஷன் களத்தில் தேவன் செய்வதையெல்லாம் அன்றன்றைக்கு எழுத வேண்டுமாம். திரும்பி வந்ததும் ஸ்தோத்திர ஆராதனையில் அதை வைத்துச் சாட்சி சொல்ல வேண்டுமாம். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. எழுதி வைத்துத்தான் ஞாபகம் வைக்க வேண்டும் என்ற நிலை எனக்கு இல்லை. ஆனாலும் எழுதுகிறேன். நாளைக்கு ஒருத்தி, 'நான் அப்படிச் சொல்லவே இல்லை' என்று மாற்றிப் பேசினால் தேதியோடு காட்டலாம்.

மற்றவர்கள் ஒடிசா மலைக்கு ஊழியம் பார்க்கப் போகிறார்கள். நான் போவது வேறு காரியத்துக்கு. என் மகள் லீதியாள் அங்கேதான் மிஷனெரியாகப் போனாள், அங்கேதான் செத்தாள். ஆறு வருஷம் ஆகிறது. முகத்தைக்கூடக் காட்டாமல் அடக்கம் பண்ணிவிட்டார்கள். மலேரியா என்று போனில் சொன்னார்கள். அவள் நர்ஸ். நர்ஸுக்குத் தெரியாமல் வந்த மலேரியா என்ன மலேரியா? ஒன்றரை வருஷத்தில் மருமகன் ஜெபசிங் அந்த ஊர்க்காரி ஒருத்தியைக் கட்டிக்கொண்டான். பூல்மணி என்று பேர். லீதியாளுக்கு அடுக்களையில் கூடமாட நின்றவளாம். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

பேத்தி அக்சாளுக்குப் பன்னிரண்டு வயது. லீதியாள் வைத்துவிட்டுப் போனது அவள் ஒருத்தியைத்தான். வரும்போது அவளைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிடுவேன். திரும்பும் ரயிலில் அவளுக்கும் ஒரு இடம் போட்டாயிற்று. யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் ரூபாவதி அதற்கும் ஒரு ஜெபக்கூட்டம் வைத்துவிடுவாள்.

ரூபாவதி பெண்கள் சங்கத் தலைவி. என் வீட்டுக்காரருக்குச் சித்தப்பா மகள். லீதியாளை வழியனுப்பிய கூட்டத்தில் எழுந்து நின்று, "எங்கள் சபையின் காணிக்கையாக இந்தப் பிள்ளையைப் படைக்கிறோம்" என்று ஜெபித்தவள் இவள்தான். என் பிள்ளையைப் படைக்க இவள் யார்? இவள் பெற்ற மூன்றும் துபாயில் ஏசியில் இருக்கிறது. இது போக, ரோஜாப்பூப் படம் போட்ட என் பெரிய முறுக்கு டின் லீதியாள் புறப்பட்ட அந்த வாரத்தில்தான் காணாமல் போனது. கடைசியாக என் அடுக்களைக்குள் வந்து போனவள் ரூபாவதி. பதினாலு வருஷம் ஆகிறது. நான் மறக்கவில்லை.

நவம்பர் 5, புதன்

சென்னையில் வண்டி மாறினோம். வெளியே தமிழ் எழுத்து நின்றுபோய் வேற்றெழுத்து வந்துவிட்டது. ரூபாவதி பாட்டுப் புத்தகத்தை விரித்தாள்.

"மைனி, நீங்களும் பாடுங்க. வாயத் தச்சா வச்சிருக்கிய?"

"எனக்கு மனப்பாடம் ரூபா. புஸ்தகத்தப் பாத்துப் பாடுதவங்க பாடுங்க."

எல்லாரும் சிரித்தார்கள். ரூபாவதி புத்தகத்தை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் பிடித்துக்கொண்டாள்.

நான் ஜெபம் பண்ணாதவள் இல்லை. ஊழியக்காரர்களுக்காக என்று வரும் இடத்தில் மட்டும் கண்ணைத் திறந்துகொள்வேன். ஆறு வருஷமாக அப்படித்தான். காணிக்கைப் பானையையும் அன்றோடு கவிழ்த்துவிட்டேன். எங்கள் பக்கத்துப் பெண்கள் உலை வைக்கும்போது முதலில் ஒரு கைப்பிடி அரிசியை எடுத்து அடுப்பங்கரைப் பானையில் போடுவார்கள். மாதக் கடைசியில் அது ஊழியத்துக்குப் போகும். நான் அரிசியைவிடப் பெரியதைக் கொடுத்தாயிற்று. இனி என்னிடம் கேட்கக் கூடாது.

நவம்பர் 6, வியாழன்

வந்து சேர்ந்தோம். ஜெபசிங் ஜீப்போடு வந்திருந்தான். தலை பாதி நரைத்துவிட்டது. எதனால் நரைத்ததோ. வழியில் ஒரு ஆறு. "பாலம் போன வருஷந்தான் வந்துது மாமி" என்றான். நான் கேட்கவில்லை.

இந்த மலையில் விருந்துக்கு வந்தவர்களின் காலைக் கழுவிவிடுவது வழக்கமாம். வாசலில் எங்களை வரிசையாக உட்கார வைத்தார்கள். எனக்கு முன்னால் பித்தளைத் தாம்பாளத்தை வைத்து உட்கார்ந்தவள் பூல்மணி. மெலிந்த உடம்பு, கறுத்த நிறம், இடது முழங்கையில் நீளமாக ஒரு தழும்பு. நான் காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டேன்.

"யம்மா, கால நீட்டுங்க. ஏன் இப்படி வெறச்சிக்கிட்டு இருக்கிய?"

எங்கள் ஊர்த் தமிழ் மட்டும் இல்லை, லீதியாளின் தமிழ். 'யம்மா' என்பதில் முதல் எழுத்தை இழுத்துப் பின்னதை விழுங்கும் அதே பேச்சு. என் மகளின் தொண்டையை எடுத்துத் தன் வாயில் வைத்திருக்கிறாள். வீட்டை எடுத்தாள், புருஷனை எடுத்தாள், பிள்ளையை எடுத்தாள், பேச்சையும் விடவில்லை.

சாயங்காலம் எல்லாருக்கும் சோறும் கோழி ஆணமும். ஆணம் பரவாயில்லை. சோற்றை வாய்ப்பக்கம் கொண்டுபோனதுமே பழைய வாடை. மாதக்கணக்காக அடைத்துக் கிடந்த அரிசி. எனக்கா தெரியாது?

"இம்புட்டுத் தூரம் வந்தவங்களுக்குப் போட இந்த அரிசிதான் கெடச்சுதா?" என்று கேட்டுத் தட்டைத் தள்ளினேன்.

பூல்மணி தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அக்சாள் என்னை முறைத்தாள். அசல் லீதியாளின் முறைப்பு. ரூபாவதி இரண்டாம் தடவை வாங்கித் தின்றாள். அவளுக்கு ருசி ஏது?

நவம்பர் 7, வெள்ளி

மற்றவர்கள் வீடு வீடாகப் போய்விட்டார்கள். முழங்கால் வலி என்று நான் ஆஸ்டல் அடுக்களை வாசலில் உட்கார்ந்துகொண்டேன். அங்கே உட்கார்ந்தால் எல்லாம் தெரியும். மலைப்பிள்ளைகள் நாற்பது பேருக்குப் பூல்மணிதான் ஆக்குகிறாள். காலையில் ஜெபசிங் வந்து பூட்டைத் திறந்து ஆள் கணக்குக்கு அரிசி அளந்து கொடுத்துவிட்டுப் போகிறான். அவன் தலை மறைந்ததும் அவள் சுளகிலிருந்து ஒரு கைப்பிடி அரிசியை எடுத்தாள். முந்தியில் முடிந்தாள். பின்கட்டு அறைக்குப் போய் வெறும் முந்தியோடு வந்தாள்.

நானும் காணிக்கை அரிசி எடுத்தவள்தான். அது அடுப்பங்கரையில், எல்லார் கண்ணுக்கும் முன்னால் பானையில் விழும். முந்தியில் முடிந்து பின்கட்டுக்குப் போகாது.

பள்ளி விட்டு வந்த அக்சாளுக்குத் தலை சீவினேன். நல்ல முடி, எங்கள் வம்சத்து முடி.

"ஏட்டி, ஆச்சி கூட ஊருக்கு வாறியா?"

"எத்தன நாளைக்கு?"

"நாளாவது ஒண்ணாவது. அங்கயே இருந்து படிக்கலாம். கடல் இருக்கு, பெரிய பள்ளிக்கூடம் இருக்கு."

"அம்மாட்ட கேக்கணும்."

"ஒங்கம்மா கல்லறைல இருக்கா."

"அந்த அம்மா இல்ல ஆச்சி. இந்த அம்மா."

சீப்பில் முடி சிக்கிக்கொண்டது. கொஞ்சம் அழுத்தி இழுத்துவிட்டேன் போலிருக்கிறது. கத்தினாள்.

நவம்பர் 8, சனி

இன்றைக்கும் எடுத்தாள்.

நவம்பர் 9, ஞாயிறு

மூங்கில் தட்டியும் ஓடும் போட்ட கோவில். பெண்கள் இலையில் அரிசி பொதிந்து கொண்டுவந்து முன்னால் வைத்தார்கள். நான் பூல்மணியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெறுங்கை. அப்போது அந்த அரிசி எங்கே போகிறது? பிரசங்கம் என்ன என்று கேட்காதீர்கள்.

ஆராதனை முடிந்து ஜெபசிங் கல்லறைக்குக் கூட்டிப்போனான். வெள்ளை அடித்திருந்தது. நாங்கள் வருகிறோம் என்று அடித்திருப்பார்கள். சுற்றிலும் நந்தியாவட்டை, இடுப்பளவுக்கு. ஒரே நாளில் செடி வளராது என்பது எனக்கும் தெரியும். எங்கிருந்தாவது வேரோடு கொண்டுவந்து நட்டிருக்கலாம். அவன் திரும்பி நின்ற நேரம் ஒரு செடியைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தேன். வரவில்லை.

"மாமி, நீங்க கேக்கலன்னாலும் நான் சொல்லணும்" என்றான். "அந்த மழைல ஆஸ்டல் முழுக்கக் காய்ச்சல். இருந்த மருந்த எல்லாம் பிள்ளைகளுக்குக் குடுத்துட்டா. அவளுக்கு வந்தப்ப ஒண்ணுமில்ல. ஆத்துல வெள்ளம், ஜீப்பு போகாது. பூல்மணிதான் நீந்தி அக்கரைக்குப் போனா. மருந்த வாங்கித் தலைல கட்டிக்கிட்டு நீந்தியே வந்தா. கல்லுல அடிச்சு, கையெல்லாம் ரத்தம். ஆனா வந்து சேரும்போது…"

எல்லாம் பாடம் பண்ணி வைத்த மாதிரி சொல்கிறான். ஆறு வருஷம் கிடைத்ததே பாடம் பண்ண.

அந்த முழங்கைத் தழும்பைப் பற்றி எனக்கு ஒன்றும் சொல்வதற்கில்லை.

நவம்பர் 10, திங்கள்

மத்தியானம் எல்லாரும் சாப்பிடும்போது பூல்மணி மட்டும் சோறு தின்பதில்லை. அடுக்களை மூலையில் உட்கார்ந்து கேப்பைக் கூழ் குடிக்கிறாள். ஆக்கிப்போடுகிறவள் சோறு தின்னாமல் கூழ் குடிப்பாளா? நாம் பார்க்க வேண்டும் என்று நடிப்பு. எடுத்த அரிசியைத் தன் அம்மா வீட்டுக்குக் கடத்துகிறாள் என்று முடிவுக்கு வந்துவிட்டேன்.

ஏழைப் பிள்ளைகளின் வாயில் போவதை எடுக்கிறவளிடமா என் பேத்தி வளர வேண்டும்? எல்லார் முன்னாலும் காட்டிக்கொடுத்தால் ஜெபசிங்கால் வாய் திறக்க முடியாது. அக்சாளுக்கும் உண்மை தெரிந்துவிடும். நாளைக்கு.

நவம்பர் 11, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஜெபசிங் அளந்து கொடுத்துவிட்டுத் திரும்பினான். அவள் கைப்பிடி அரிசியை முந்தியில் முடிந்தாள். நான் எழுந்து போய் அந்த முந்தியைப் பிடித்துக்கொண்டேன். "எல்லாரும் இங்க வாங்க" என்று ஒரு சத்தம் போட்டேன். ரூபாவதியும் மற்றவர்களும் ஓடி வந்தார்கள். ஜெபசிங் திரும்பி வந்தான். பள்ளிக்குப் புறப்பட்டு நின்ற அக்சாளும் வந்துவிட்டாள்.

"பாருங்க. இது இன்னைக்கு நேத்து நடக்குறதில்ல. தெனமும் ஆஸ்டல் அரிசிய எடுத்துப் பின்கட்டுல பதுக்குதா. இவதான் ஊழியக்காரி! தெறந்து காட்டச் சொல்லுங்க அந்த ரூம."

"மைனி, மெதுவா" என்றாள் ரூபாவதி. சொல்லிக்கொண்டே எனக்கு முன்னால் பின்கட்டுக்குப் போய்விட்டாள்.

பூல்மணி முந்தியை என் கையிலிருந்து விடுவித்துக்கொண்டு வந்தாள். அறையைத் திறந்து, பரண்மேலிருந்து ஒரு டின்னை இறக்கித் தரையில் வைத்தாள். ரோஜாப்பூப் படம். மூடி ஓரத்தில் நசுங்கல். என் பெரிய பையன் சின்னதில் கீழே போட்ட நசுங்கல்.

முதலில் வாய் திறந்தவள் ரூபாவதிதான்.

"ஏ மைனி! இது ஒங்க முறுக்கு டின்லா? பதினாலு வருசமா என்னயக் கள்ளின்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சியளே! என் மருமவ கல்யாணத்துல வச்சுக்கூட டின்னு டின்னுன்னு கேட்டியளே!"

"மாமாதான் குடுத்தாவ" என்றான் ஜெபசிங். "நாங்க பொறப்படும்போது நீங்க வெளிய வரல. மாமா பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, முறுக்கு நெறச்சு லீதி கைல குடுத்துட்டுப் போனாவ. ஒங்கட்டச் சொல்ல வேண்டாம்னாவ."

என் வீட்டுக்காரர் சாகும்வரைக்கும் என்னோடு சேர்ந்து அந்த டின்னைத் தேடினார்.

நான் விடவில்லை. "டின்னு கெடக்கட்டும். அரிசிக்குப் பதில் சொல்லச் சொல்லு."

பூல்மணி முந்தியை அவிழ்த்து அரிசியை டின்னுக்குள் போட்டாள். அடியில் கொஞ்சம்தான் கிடந்தது.

"லீதி அக்கா இங்க வந்த நாள்லேருந்து தெனம் ஒரு கைப்பிடி இதுல போடுவாவ யம்மா. 'எங்கம்மா கோவக்காரி. ஆனா ஒரு நாள் வருவா. வாற அன்னைக்கு வீட்டுல அரிசி இல்லன்னு இருக்கக் கூடாது'ம்பாவ. அறுப்பு வந்தும் நீங்க வரலன்னா, அத இல்லாதவங்களுக்கு ஆக்கிப் போட்டுருவாவ. மறுநாள் திரும்பவும் மொதல்லேருந்து போடுவாவ. அக்கா போன பெறவு நான் போடுதேன்."

"ஆஸ்டல் அரிசியையா?"

"என் பங்க."

"எல்லாருக்கும் சேத்துத்தான் மாமி அளக்கேன்" என்றான் ஜெபசிங். "அவ பங்க அவ எடுத்து வச்சிட்டுக் கூழு குடிக்கா. சொன்னாலும் கேக்க மாட்டா."

ரூபாவதிக்கு அப்போதுதான் ஏதோ உறைத்தது. "அப்போ நாங்க வந்த அன்னைக்கு ஆக்குனது?"

"இந்த அரிசிதான் பெரியம்மா. ஒரு வருசத்து அரிசி. வண்டு விழுந்துரும்னு வேப்பிலை போட்டு வச்சிருந்தேன். எத்தன தண்ணில களைஞ்சும் வாட போகல. அதான் அம்மாவுக்குப் பிடிக்கல."

நான் தட்டைத் தள்ளியதை இங்கே யாரும் சொல்லவில்லை. எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது.

"நாந்தான் வந்துட்டேனே" என்றேன். "பெறவும் எதுக்கு எடுக்க?"

பூல்மணி என்னைப் பார்த்தாள். இதைக்கூடவா கேட்பார்கள் என்பது மாதிரி.

"அடுத்த தடவ வருவியள்லா, யம்மா."

அக்சாள் டின்னை மூடி, இரண்டு கையாலும் தூக்கிப் பரணில் வைத்தாள். என்னைத் திரும்பிப் பார்த்து, "எங்கம்மாவக் கள்ளின்னு சொன்னியள்லா? நான் ஒங்க கூட வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்குப் போய்விட்டாள்.

அதற்குமேல் எனக்கு அங்கே வேலை இல்லை. கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. எடுக்கப் போனேன். ஈரமாகத்தான் இருந்தது. எடுத்துவிட்டேன்.

நவம்பர் 12, புதன்

தலைவலி. கல்லறைப் பக்கம் கொஞ்சம் களை இருந்தது. பிடுங்கினேன்.

நவம்பர் 13, வியாழன்

இன்று புறப்பாடு. மத்தியானம் மற்றவர்களுக்குப் பந்தியில் சோறு. நான் அடுக்களைக்குள் போய்ப் பூல்மணி பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"யம்மா, அங்க எல போட்டிருக்கு."

"தெரியும். இதுல ஒரு கிண்ணம் ஊத்து."

ஊற்றினாள். குடித்தேன். உப்பு போதாது என்றேன். உப்பு எடுத்துத் தந்தாள். லீதியாளும் உப்புப் போடத் தெரியாதவள். அவளிடம் படித்தால் அப்படித்தான் இருக்கும். அதைச் சொன்னேன். பூல்மணி சிரித்தாள். பிறகு முந்தியால் முகத்தை மூடிக்கொண்டாள். எனக்குக் கண்ணில் புகை. விறகு பச்சை.

நேற்று முன்தினம் சொன்னதைப் பற்றி நான் எதுவும் எடுக்கவில்லை. அவளும் எடுக்கவில்லை. அக்சாள் வாசலில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, அங்க என்ன நிக்க? வந்து உக்காரு" என்றேன். உடனே வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வந்து பூல்மணிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள். என் பக்கம் இல்லை.

ஜீப் வந்துவிட்டது. பூல்மணி அரிசியை ஒரு பையில் கொட்டிவிட்டு டின்னைத் துடைத்துக் கொண்டுவந்தாள். "ஒங்க சாமான் யம்மா. கொண்டு போங்க."

"கொண்டு வாங்க மைனி, ஊரு பாக்கட்டும்" என்றாள் ரூபாவதி.

"அது அங்கயே இருக்கட்டும்" என்றேன். பிறகு பூல்மணியிடம், "பரிச்சை முடிஞ்சதும் இவள ஊருக்குக் கூட்டிட்டு வா. தனியா அனுப்பிராத. ரயில்ல களவாணிப் பயலுவ ஜாஸ்தி. நீயும் கூட வா" என்றேன்.

"நானா?"

"பெறவு? இந்தப் பிள்ளைக்கு வழியில யாரு தல சீவி விடுவா? நான் சீவுனா வலிக்காம்."

அக்சாளின் வாய் ஓரம் கொஞ்சம் அசைந்தது. சிரிப்பா என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது.

நவம்பர் 14, வெள்ளி

ரயில். டிக்கெட் பார்க்கிறவர் காலியாய்க் கிடந்த இடத்தைக் காட்டி யாருக்கு என்று கேட்டார். வரவில்லை என்றேன். ரூபாவதிக்கு எல்லாம் புரிந்துவிட்டது. எனக்கு எதிரே இருந்தவள் எழுந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு ஜெபம்கூடப் பண்ணவில்லை. இவள் இப்படிச் சும்மா இருப்பவள் இல்லை. ஏதோ காரியம் இருக்கும்.

சாயங்காலம் எல்லாரும் ஜெபித்தபோது ஊழியக்காரர்கள் பேரெல்லாம் வந்தது. பூல்மணி பேரும் வந்தது. கண்ணை மூடியிருந்தேன். அசதி.

நவம்பர் 23, ஞாயிறு

ஸ்தோத்திர ஆராதனை. ஒவ்வொருத்தியாகச் சாட்சி சொன்னார்கள். ரூபாவதி தேவனைவிட டின்னைப் பற்றித்தான் அதிகம் பேசினாள். கோவிலே சிரித்தது. சிரிக்கட்டும்.

என் முறை வந்தது. இந்த டைரியைக் கையில் வைத்திருந்தேன். திறக்கவில்லை. "என் மகளை நல்லபடியா வச்சிருந்திருக்காங்க. இப்பவும் நல்லபடியா வச்சிருக்காங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். ஐயரம்மா இன்னும் ஏதாவது சொல்லச் சொன்னார்கள். அவ்வளவுதான் என்றேன்.

நவம்பர் 24, திங்கள்

கவிழ்த்து வைத்திருந்த பானையை இறக்கிக் கழுவினேன். உள்ளே பல்லி முட்டை. வெயிலில் காய வைத்து, வேப்பிலை பறித்துப் போட்டு, உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசி எடுத்தேன். சின்ன மருமகள் எட்டிப் பார்த்தாள்.

"மாமி, திரும்ப ஊழியத்துக்குப் போட ஆரம்பிச்சிட்டியளா?"

"ஊழியத்துக்குப் பெறவு பாக்கலாம். இது ஏப்ரல்ல வாறவங்களுக்கு."

"அதுக்கு அப்ப புது அரிசி வாங்கிக்கலாமே. இது பழசாயிருமே."

ஆகட்டும் என்றேன். நன்றாகப் பழசாகட்டும், நல்ல வாடை வரட்டும். அந்தச் சோற்றைத்தான் பூல்மணிக்கு முதல் இலையில் போடப் போகிறேன். அவள் இலையைத் தள்ளுகிறாளா இல்லையா என்று பக்கத்திலேயே உட்கார்ந்து பார்ப்பேன்.